ஆடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

ஒளியியல் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கதிர்ப்படம்தான். ஒரு வளைகோடு, அதன் நடுவே ஓர் அச்சு, அச்சின் மேல் நிற்கும் ஓர் அம்புக்குறி. அம்பின் தலையிலிருந்து இரண்டு கோடுகள் புறப்பட்டுப் போய்த் திரும்பி வந்து ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். வெட்டும் இடத்தில் தலைகீழாக இன்னோர் அம்புக்குறியை வரைந்துவிட்டால் ஐந்து மதிப்பெண் நிச்சயம். ஆனால் அந்த இரண்டாவது அம்புக்குறி உண்மையில் எங்கே இருக்கிறது? அங்கே கையை நீட்டினால் ஏதாவது தட்டுப்படுமா? கதிர்ப்படத்தை நூறு முறை வரைந்தாலும் இக்கேள்விக்கு விடை கிடைப்பதில்லை.

என் தந்தையார் முடிதிருத்தும் தொழில் செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் காலடி வைத்த முதல் ஆள் நான். அவருடைய கடையில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பெரிய கண்ணாடிகள், பின்கழுத்தைக் காட்டுவதற்கு ஒரு கைக்கண்ணாடி, முகத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு வட்டக் கண்ணாடி ஆகியவை உண்டு. ஆடிகளைப் பற்றி நாம் வகுப்பில் படிப்பதில் பாதியை அவர் கைப்பழக்கத்தாலேயே அறிந்து வைத்திருக்கிறார். மீதிப் பாதியை, நான் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேளையில் என்னிடம் கேட்கிறார். அவரிடம் தேர்வுத்தாள் விடை செல்லுபடியாகாது. 'பொருளின் தொலைவும் பிம்பத்தின் தொலைவும் சமம்' என்று சொன்னால், 'சுவத்துக்குள்ள எப்படிம்மா தொலைவு இருக்கும்?' என்று அடுத்த கேள்வி வந்துவிடும். அவருக்கு விடை சொல்ல முயன்றதில் நான் கற்றுக்கொண்டவையே இக்கட்டுரை.

முதலில் ஆடி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று கண்ணாடி என்றால் கண்ணாடிச் சில்லு என்றே பொருள் கொள்கிறோம். பழங்காலத்தில் துலக்கிய உலோகத் தகடே முகம் பார்க்கும் ஆடி. ஆண்டாள் திருப்பாவையில் அதைத் 'தட்டொளி' என்கிறார். கேரளத்தின் ஆறன்முளையில் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றி இன்றும் அத்தகைய ஆடி செய்கின்றனர். கண்ணாடியின் பின்புறம் மெல்லிய வெள்ளிப் பூச்சை வேதியியல் முறையில் படியவைக்கும் வழியை 1835-இல் ஜெர்மானிய வேதியியலார் லீபிக் கண்டறிந்தார். ஆகவே நாம் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் வேலையைச் செய்வது பெரும்பாலும் வெள்ளிதான். கண்ணாடி அந்த வெள்ளியைத் தாங்குகிறது, காக்கிறது. ஒரு பேனா முனையைக் கண்ணாடியில் தொட்டுப் பாருங்கள். முனைக்கும் அதன் பிம்பத்திற்கும் நடுவே சிறு இடைவெளி தெரியும். அது கண்ணாடியின் தடிமனால் வருவது. ஆறன்முளை ஆடியில் அவ்விடைவெளி இராது.

சரி, வெள்ளைச் சுவரும்தான் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. சுவரில் ஏன் முகம் தெரிவதில்லை? ஒளியின் அளவில் அல்ல, ஒழுங்கில்தான் வேறுபாடு இருக்கிறது. ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. சுவரின் மேடுபள்ளங்கள் அதற்கு மலையும் மடுவும் போன்றவை. ஒவ்வோர் இடத்திலும் குத்துக்கோடு ஒவ்வொரு திசையில் நிற்பதால், கதிர்கள் மூலைக்கொன்றாய்ச் சிதறிப் போகின்றன. ஆடியின் பரப்போ ஒளியின் அளவுகோலிலும் வழுவழுப்பானது. அதனால் படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதியை எல்லாக் கதிர்களும் ஒரே ஒழுங்கில் பின்பற்றுகின்றன. கதிர்கள் எந்த அமைப்பில் வந்தனவோ அதே அமைப்பைக் குலைக்காமல் திசை மட்டும் மாறிச் செல்கின்றன. இந்த ஒழுங்கு குலையாமைதான் பிம்பத்தின் உயிர்.

இனி சுவருக்குள் தொலைவு எப்படி வந்தது என்பதைக் காண்போம். ஆடிக்கு முன்னால் 'க' என்ற புள்ளியில் ஒரு சிறு விளக்கு இருக்கட்டும். அதிலிருந்து ஆடிக்கு வரைந்த செங்குத்தின் அடி 'ச'. விளக்கிலிருந்து வேறொரு கதிர் ஆடியை 'த' என்ற இடத்தில் தாக்கித் திரும்புகிறது. திரும்பிய கதிரைப் பின்னோக்கி நீட்டினால், அது 'கச' என்ற கோட்டின் நீட்சியை ஆடிக்குப் பின்னால் 'ப' என்ற இடத்தில் சந்திக்கும். கசத, பசத என்ற இரண்டு முக்கோணங்களுக்கும் 'சத' பொதுப்பக்கம். இரண்டிலும் 'ச'-வில் செங்கோணம். எதிரொளிப்பு விதிப்படி மற்றொரு கோணமும் சமம். எனவே கச = பச. இதில் கவனிக்க வேண்டியது, 'த' எங்கே இருந்தாலும் இந்த முடிவு மாறாது என்பதே. விளக்கிலிருந்து ஆயிரம் கதிர்கள் ஆயிரம் இடத்தில் பட்டுத் திரும்பினாலும், பின்னோக்கி நீட்டினால் அத்தனையும் 'ப' என்ற ஒரே புள்ளியில் போய்ச் சேரும்.

நம் கண்ணுக்குக் கதிர் வழியில் திரும்பியது தெரியாது. வந்து சேரும் கதிர்கள் எந்த விரிவில் வருகின்றன என்பது மட்டுமே தெரியும். 'ப'-விலிருந்து புறப்பட்டாற்போல் அவை விரிந்து வருவதால், அங்கே ஒரு விளக்கு இருப்பதாகக் கண் முடிவு செய்துவிடுகிறது. சுவருக்குள் ஒளி போகவில்லை. கை வைத்தால் செங்கல்தான் தட்டுப்படும். அதனால்தான் இதற்கு மாயபிம்பம் என்று பெயர். ஆனால் மாயம் என்பதால் தொலைவும் பொய் என்று எண்ணிவிடக் கூடாது. ஆடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று உங்களையே நிழற்படம் எடுத்தால், கேமரா ஒரு மீட்டருக்கு அல்ல, இரண்டு மீட்டருக்குக் குவியப்படுத்த வேண்டும். ஒரு மீட்டருக்கு வைத்தால் ஆடியின் மேலுள்ள தூசியும் கைரேகையும் தெளிவாக விழும், முகம் மங்கிவிடும். இதைக் கைப்பேசியில் அப்பாவுக்குச் செய்து காட்டினேன். திரையில் தூசியைத் தொட்டால் தூசி தெளிந்தது, முகத்தைத் தொட்டால் முகம் தெளிந்தது. 'அப்ப உள்ள தூரம் இருக்குதான்' என்று ஒப்புக்கொண்டார்.

முழு உருவமும் தெரிவதற்கு எவ்வளவு உயரமான ஆடி வேண்டும்? ஒருவரின் உயரம் 160 செ.மீ., கண் இருக்கும் உயரம் 150 செ.மீ. என்று கொள்வோம். பாதத்திலிருந்து வரும் கதிர், பாதத்திற்கும் கண்ணுக்கும் நடு உயரத்தில், அதாவது 75 செ.மீ.-இல் ஆடியைத் தொட்டுக் கண்ணுக்கு வரும். உச்சந்தலையிலிருந்து வரும் கதிர் 155 செ.மீ.-இல் தொடும். ஆக 75 முதல் 155 வரை, 80 செ.மீ. ஆடி போதும். ஆளின் உயரத்தில் சரிபாதி. ஆள் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பது இக்கணக்கில் வரவே இல்லை. பின்னால் போகப் போக உடம்பு அதிகம் தெரியும் என்று பலர் உறுதியாக நம்புகின்றனர். சுவரில் நேராகத் தொங்கும் சிறிய ஆடியில் மார்பு வரைதான் தெரிகிறது என்றால், தெருக்கோடி வரை பின்னால் நடந்தாலும் மார்பு வரைதான் தெரியும். நம்பாதவர்கள் ஓர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, ஆடியில் தெரியும் தம் முகத்தின் விளிம்பைச் சோப்பினால் ஆடியின் மேலேயே வரைந்து பார்க்கட்டும். வரைந்த முகம் உண்மை முகத்தில் பாதி அகலமே இருக்கும். பின்னால் நகர்ந்தாலும் முகம் அந்தக் கோட்டுக்குள்ளேயே அடங்கி நிற்கும்.

இப்போது அப்பாவின் பெரிய கேள்விக்கு வருகிறேன். 'ஏம்மா, கண்ணாடி வலதை இடதா மாத்துதுன்னு படிக்கிறியே, அப்போ தலையைக் காலா ஏன் மாத்தல? அதுக்கு மட்டும் மேலு கீழு எப்படித் தெரியுது?'

நண்பர்களே, இதை எளிய கேள்வி என்று எண்ணிவிடாதீர்கள். கண்கள் இடவலமாக அமைந்திருப்பதால் என்றார் ஒரு தோழி. ஒரு கண்ணை மூடினாலும் நிலைமை மாறவில்லை. படுத்துக்கொண்டு பார்த்தால் என்ன ஆகும் என்றாள் இன்னொருத்தி. படுத்துப் பார்த்தாலும் ஆடி தன் வேலையை மாற்றிக்கொள்ளவில்லை. உண்மை என்னவென்றால், ஆடி இடவலத்தை மாற்றுவதே இல்லை!

வடக்குச் சுவரில் ஆடி தொங்குகிறது என்று வைத்துக்கொண்டு அதை நோக்கி நில்லுங்கள். வலக்கையைக் கிழக்கே நீட்டுங்கள். பிம்பமும் கிழக்கேதான் நீட்டுகிறது. இடக்கையை மேற்கே நீட்டினால் பிம்பமும் மேற்கே. விரலை மேலே காட்டினால் மேலே, கீழே காட்டினால் கீழே. இப்போது விரலை வடக்கே, ஆடியை நோக்கி நீட்டுங்கள். பிம்பத்தின் விரல் தெற்கே, உங்களை நோக்கி நீள்கிறது. மாறிய திசை இது ஒன்றுதான். ஆடி மாற்றுவது முன்னையும் பின்னையும். கிழக்கு மேற்கையும் அது தொடவில்லை, மேல் கீழையும் தொடவில்லை.

பின் இடவலம் எங்கிருந்து வந்தது? நம் கற்பனையிலிருந்து வந்தது. ஆடிக்குள் நிற்பவரை நாம் ஒரு மனிதராக எண்ணி, நாமே சுற்றிப்போய் அந்த இடத்தில் திரும்பி நிற்பதாகப் பாவித்துக்கொள்கிறோம். மனிதர் திரும்புவது நின்ற நிலையில் பக்கவாட்டில்தான். அப்படித் திரும்பி நின்றால் நம் வலக்கை மேற்கே போய்விடும். பிம்பத்தின் கையோ கிழக்கே இருக்கிறது. அதைக் கண்டு 'இடவலம் மாறிவிட்டது' என்கிறோம். கரணமடித்துத் தலைகீழாக நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பது மனிதருக்கு வழக்கமாக இருந்திருந்தால், 'ஆடி மேல் கீழை மாற்றுகிறது, இடவலத்தை மாற்றுவதில்லை' என்றுதான் பாடநூல்கள் சொல்லியிருக்கும்.

இதற்கு நேரான சோதனை ஒன்று உண்டு. ஒளி ஊடுருவும் தாளில் உங்கள் பெயரை எழுதி, எழுத்து உங்களுக்கு நேராகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு ஆடிமுன் நில்லுங்கள். ஆடியிலும் பெயர் நேராகவே தெரியும்! இப்போது புத்தகப் பக்கத்தைப் புரட்டுவதுபோல் தாளைப் பக்கவாட்டில் ஆடிப்பக்கம் திருப்புங்கள். இடவலம் மாறித் தெரியும். மறுபடி நேராக்கி, நாட்காட்டித் தாளைப் புரட்டுவதுபோல் மேல்விளிம்பை முன்புறமாகக் கீழே கொண்டுவந்து திருப்புங்கள். எழுத்துகள் இடவலம் மாறாமல் தலைகீழாகத் தெரியும். மாற்றியது ஆடியா, நம் கையா? வழக்கமான தாளில் எழுதியதை ஆடிக்குக் காட்ட வேண்டுமானால் நாம் தாளைத் திருப்பியே ஆக வேண்டும். அத்திருப்பத்தை நாம் மறந்துவிட்டுப் பழியை ஆடியின் மேல் போடுகிறோம். அவசர ஊர்தியின் முகப்பில் எழுத்துகளைத் திருப்பி எழுதியிருப்பதும், முன்னே செல்லும் ஓட்டுநர் தம் ஆடியில் அதை நேராகப் படிப்பதற்காகவே.

இதை எங்கள் பேராசிரியரிடம் சொன்னபோது சிரித்தார். 'தேர்வில் இடவல மாற்றம் என்றே எழுது. வெளியில் இதைச் சொல்' என்றார். பெயரைப் பெயராக வைத்துக்கொள்வதில் எனக்கும் மறுப்பில்லை.

எதிரெதிர் ஆடிகள் இரண்டில் உருவங்கள் முடிவில்லாமல் வரிசையாகத் தெரிவதை முடிதிருத்தும் கடைக்குப் போன எல்லாரும் கண்டிருப்பார்கள். ஆடிகளுக்கு இடைத்தொலைவு 3 மீட்டர், அமர்ந்திருப்பவர் முன்னாடியிலிருந்து 1 மீட்டர் என்றால், முன்னாடிக்குப் பின்னே 1, 5, 7, 11, 13 மீட்டர் என்ற தொலைவுகளில் பிம்பங்கள் அமையும். முதலில் முகம், அடுத்தது பின்தலை, பிறகு முகம், மீண்டும் பின்தலை என மாறி மாறி வரும். ஒவ்வொரு முறையும் ஆடி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒளியைத்தான் திருப்புகிறது என்றால், பத்து முறை பட்டுத் திரும்பியபின் எஞ்சுவது ஏறக்குறைய 35 பங்கு. அதனால் தொலைவில் இருட்டுகிறது. சற்றே பச்சை தட்டுவதும் உண்டு. கண்ணாடியில் கலந்துள்ள இரும்பு மற்ற நிறங்களைவிடப் பச்சையைக் குறைவாக உறிஞ்சுவதே காரணம். சாய்ந்த ஆடிகளின் பிம்ப எண்ணிக்கைச் சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம். அதை விட்டுவிடுகிறேன்.

வளைந்த ஆடிகளுக்குச் செல்வோம். புதிதாக ஒரு விதியும் இங்கே தேவையில்லை. வளைந்த ஆடியின் ஒவ்வொரு சிறு துண்டும் ஒரு சமதள ஆடியே. துண்டுக்குத் துண்டு குத்துக்கோட்டின் திசை மட்டும் மாறுகிறது. கோளவடிவ ஆடியில் எல்லாக் குத்துக்கோடுகளும் வளைவு மையத்தின் வழியே செல்லும். இதைக் கொண்டு, அச்சுக்கு இணையாக வரும் ஒரு கதிரை வரைந்து பாருங்கள். அது ஆடியைத் தொடும் இடம், வளைவு மையம், திரும்பிய கதிர் அச்சை வெட்டும் இடம் ஆகிய மூன்றும் ஓர் இருசமபக்க முக்கோணமாக அமையும். கதிர் அச்சுக்கு அருகில் இருந்தால் வெட்டும் இடம் வளைவு மையத்திற்கும் ஆடி மையத்திற்கும் சரிபாதியில் விழும். குவியத் தொலைவு வளைவு ஆரத்தில் பாதி என்பது இவ்வாறு வந்ததே. 'அச்சுக்கு அருகில்' என்ற நிபந்தனையை நினைவில் வையுங்கள். பின்னால் அது வேலை காட்டும்.

பொருள் தொலைவின் தலைகீழியும் பிம்பத் தொலைவின் தலைகீழியும் சேர்ந்து குவியத் தொலைவின் தலைகீழிக்குச் சமம் என்பது சூத்திரம். மெய்யானதற்கு நேர்க்குறி, மாயத்திற்கு எதிர்க்குறி என்ற பழைய முறையையே இங்கே கையாள்கிறேன். இன்றைய பாடநூல்கள் ஆயமுறைக் குறிகளைச் சொல்கின்றன. இரண்டிலும் விடை ஒன்றுதான். கடையிலுள்ள வட்டக் கண்ணாடியின் குவியத் தொலைவு 60 செ.மீ. என்று கொள்வோம். முகத்தை 30 செ.மீ.-இல் வைத்தால், 60-இல் ஒன்றிலிருந்து 30-இல் ஒன்றைக் கழிக்க, 60-இல் ஒன்று எதிர்க்குறியில் கிடைக்கும். பிம்பம் ஆடிக்குப் பின்னே 60 செ.மீ.-இல், இரு மடங்கு பெரிதாக, நிமிர்ந்து நிற்கிறது. பெரிதாகக் காட்டுவதற்கு ஆடி ஒளியை ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. விரிந்து வரும் கதிர்களின் விரிவைக் குறைத்து அனுப்புகிறது. குறைந்த விரிவைக் கண்டு கண் பொருளைத் தொலைவில் வைக்கிறது, அதே கோணத்தில் தெரிவதற்கு அதைப் பெரிதாகவும் வைக்கிறது.

முகத்தைக் குவியத்துக்கு அப்பால் கொண்டுபோனால் கதை மாறிவிடுகிறது. விரிந்த கதிர்கள் இப்போது உண்மையிலேயே குவிகின்றன. ஆய்வுக்கூடத்தில் நாம் பயன்படுத்தும் 20 செ.மீ. குவியாடி அல்ல, குழியாடி, இதற்கு ஏற்றது. பொருள் 30 செ.மீ.-இல் இருந்தால் பிம்பம் 60-இல், 40-இல் இருந்தால் 40-இல், 60-இல் இருந்தால் 30-இல். பதிவேட்டில் எழுதும்போது வெறும் எண்களாகத் தெரியும் இதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு சன்னலைத் தவிர மற்றவற்றை மூடிவிட்டு, கடையின் வட்டக் கண்ணாடியைச் சன்னலுக்கு எதிரே பிடித்து, பக்கவாட்டில் சற்றுத் திருப்பி, வெள்ளைத் தாளில் ஒளியை விழச் செய்தேன். தாளை முன்னும் பின்னும் நகர்த்தியதும் ஓரிடத்தில் வெளியுலகம் வந்து நின்றது. வேப்பமரம், எதிர்வீட்டு ஓடு, கொடியில் உலரும் சேலை எல்லாம் தலைகீழாக, வண்ணத்தோடு, காற்றில் அசைந்துகொண்டு! தெருவில் ஒருவர் மிதிவண்டியில் தலைகீழாகப் போனார்.

பள்ளிக்கூடம் போகாத என் தாயார் அதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். 'தாளை எடுத்துட்டா அந்த மரம் எங்க போகும்?' எங்கும் போகாது. தாள் பிம்பத்தை உண்டாக்கவில்லை. அங்கே குவிந்த ஒளியைச் சிதறடித்து எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி செய்தது, அவ்வளவே. தாளை எடுத்துவிட்டு, பிம்பம் இருந்த இடத்துக்கும் ஓர் அடி பின்னால் தள்ளி நின்று ஆடியை நோக்கினால், மரம் ஆடிக்கு முன்னால் வெறும் காற்றில் தலைகீழாகத் தொங்குவதைக் காணலாம். ஆடிக்கு நேரே நின்றால்தான் தெரியும். அங்கே ஒளி உண்மையாகவே வந்து சேர்கிறது. மெய்பிம்பம் என்று பெயர் வைத்தவர் பொருளறிந்தே வைத்திருக்கிறார்.

அப்போதே இன்னொன்றையும் செய்து பார்க்கலாம். ஆடியின் பாதியை அட்டையால் மூடினால் பாதி மரம் மறையுமா? தேர்வில் பலரைக் கவிழ்க்கும் கேள்வி இது. முழு மரமும் அப்படியே இருக்கும், ஒளி மட்டும் குறையும். மரத்தின் ஒவ்வோர் இலையிலிருந்தும் புறப்பட்ட ஒளி ஆடி முழுவதிலும் விழுகிறது. ஆடியின் ஒவ்வொரு துண்டும் முழு மரத்தையும் அதே இடத்தில் வரைந்துகொண்டிருக்கிறது. கதிர்ப்படத்தில் இரண்டே கோடுகள் போடுவதால் நமக்கு இது தோன்றுவதில்லை.

இனி அந்த நிபந்தனை. அச்சுக்குத் தொலைவில் வரும் கதிர்கள் குவியத்தில் சேராமல் ஆடிக்குச் சற்று அருகிலேயே அச்சை வெட்டிவிடுகின்றன. எவர்சில்வர் தம்ளரில் பாலோ தேநீரோ இருக்கும்போது வெயில் சாய்வாகப் பட்டால், மேற்பரப்பில் நடுவே கூர்முனையோடு கூடிய வளைந்த ஒளிக்கோடு ஒன்று தெரியும். தம்ளரின் உட்சுவர் எல்லாக் கதிர்களையும் ஒரே புள்ளியில் சேர்க்க முடியாமல் போட்ட கையெழுத்து அது. கோளப்பிறழ்ச்சி என்ற பெயரைப் படிக்கும் முன்பே அதை நாம் தினமும் குடித்துக்கொண்டிருக்கிறோம்!

பரவளைய வடிவில் தேய்த்தால் இக்குறை நீங்கும். திருப்பத்தூர் மாவட்டம் சவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986-இல் நிறுவிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. குவியத் தொலைவு ஏறத்தாழ 7.6 மீட்டர். 3,474 கிலோமீட்டர் விட்டமுள்ள நிலவை இவ்வாடி தன் குவியத்தில் ஏழு செ.மீ. அகலத்திற்கு, உள்ளங்கையில் அடங்கும்படி வரைந்துவிடும். இருட்டில் நன்கு விரிந்த நம் கண்மணி 7 மில்லிமீட்டர். பரப்பை ஒப்பிட்டால் ஆடி திரட்டும் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு.

வடிவம் தவறினால் என்னாகும் என்பதற்கு ஹபிள் தொலைநோக்கியே சான்று. 1990-இல் விண்ணில் ஏற்றிய பிறகுதான் அதன் 2.4 மீட்டர் ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரோமீட்டர் அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது தெரிந்தது. ஆடியைச் சோதிக்கும் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு அளவே பிழை. விண்மீன்கள் ஒளிவட்டம் போர்த்துக்கொண்டு மங்கின. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று, அப்பிழைக்கு நேர் எதிரான வடிவில் தேய்த்த சிறு ஆடிகள் கொண்ட கருவிகளைப் பொருத்தினர். படங்கள் தெளிந்தன.

ஆனால் கோள ஆடியின் குறையையே வேலைக்கு வைத்துக்கொண்ட இடமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆரோவில்லில் சூரியச் சமையற்கூடத்தின் மேல் 15 மீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய கிண்ணம், உள்ளே முழுதும் சிறு சிறு ஆடித் துண்டுகள் பதித்துக் கட்டப்பட்டுள்ளது. பரவளையமாக இருந்தால் சூரியன் நகர நகர அவ்வளவு பெரிய ஆடியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கோளத்திற்கோ தனக்கென்று ஓர் அச்சு கிடையாது. சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் அந்தத் திசையே அதற்கு அச்சு. கிண்ணம் அசையாமல் கிடக்கிறது. பிறழ்ச்சியால் குவியம் புள்ளியாக இல்லாமல் ஒரு கோடாக நீள்கிறது. அதனாலென்ன? கொதிகலனையும் நீளமான குழாயாகச் செய்து, சூரியனுக்கேற்ப அதை மட்டும் நகர்த்துகின்றனர். வரும் நீராவியில் சமையல் நடக்கிறது. இயற்பியலில் எனக்கு மிகவும் பிடித்த கருவி எதுவென்று கேட்டால் காவலூரை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

குவியாடியைப் பாடநூல் மூன்றே வரியில் முடித்துவிடுகிறது: பிம்பம் எப்போதும் மாயம், நிமிர்ந்தது, சிறியது. பயன், வாகனங்களில். ஆனால் தினமும் உயிர் சம்பந்தப்பட்டிருப்பது இந்த ஆடியில்தான். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குவியத் தொலைவு 1 மீட்டர் உள்ள குவியாடி ஒன்று. பின்னால் 19 மீட்டரில் ஒரு லாரி வருகிறது. சூத்திரப்படி பிம்பம் ஆடிக்குப் பின்னே 0.95 மீட்டரில், லாரியின் அளவில் இருபதில் ஒரு பங்காக அமையும். ஓட்டுபவரின் கண் ஆடியிலிருந்து ஒரு மீட்டர் என்றால், அந்தச் சிறு பிம்பம் கண்ணிலிருந்து 1.95 மீட்டரில் இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு லாரி 1.95 மீட்டரில் தெரியும் கோணமும், முழு லாரி 39 மீட்டரில் தெரியும் கோணமும் ஒன்று. சமதள ஆடியாக இருந்தால் அதே லாரி கண்ணிலிருந்து 20 மீட்டரில் இருப்பதாகத் தெரிந்திருக்கும். ஆக, லாரி இருக்கும் தொலைவைப்போல் இரு மடங்கு தள்ளி வருவதாக ஓட்டுபவருக்குத் தோன்றுகிறது. பிம்பம் உண்மையில் ஆடியை ஒட்டி, மிக அருகிலேதான் இருக்கிறது. ஆனாலும் லாரியின் அளவு நமக்குப் பழக்கமானதால், சிறிதாகத் தெரிவதைத் தொலைவு என்று மனம் படித்துக்கொள்கிறது. 'ஆடியில் தெரிவதைவிட வாகனங்கள் அருகில் உள்ளன' என்ற பொருளில் கார்களின் பக்க ஆடியில் எழுதியிருப்பது இதனால்தான். பிறகு ஏன் அதை வைக்கிறார்கள்? அதே அளவுள்ள சமதள ஆடி காட்டுவதைவிட அகலமான பரப்பைக் காட்டுவதால், பக்கவாட்டில் ஒட்டி வரும் வண்டி கண்ணுக்குத் தப்பாது.

வாடகைக் கார் ஓட்டும் என் மாமாவுக்கு இக்கணக்கு தெரியாது. ஆனால் அவர் பழகவருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இது: 'ஆளு இருக்கானான்னு வெளிக் கண்ணாடியில பாரு. எவ்வளவு தூரத்துல இருக்கான்னு உள் கண்ணாடியில பாரு.' காரின் உள்ளே நடுவில் இருப்பது சமதள ஆடி. வெளியே பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் குவியாடி.

இருசக்கர வண்டிகளில் உள் கண்ணாடி கிடையாது. நம் கல்லூரி வண்டி நிறுத்தத்தில் சோப்புக்கோட்டுச் சோதனையைச் செய்து பார்த்தேன். கோட்டுக்குள் முகம் மாறாமல் நின்றால் சமதள ஆடி, பின்னால் நகர நகர முகம் கோட்டைவிட்டு உள்ளே சுருங்கினால் குவியாடி. இரண்டு விதமும் இருந்தன. ஒரு தோழியின் வண்டியில் இடப்பக்கம் குவியாடி, வலப்பக்கம் சமதள ஆடி. வலப்பக்கத்து ஆடி உடைந்தபோது கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். முந்திச் செல்லும்போது பார்க்க வேண்டிய பக்கம் அதுதான். பின்னால் வரும் ஒரே பேருந்தை ஓர் ஆடி ஒரு தொலைவிலும், மற்றோர் ஆடி ஏறக்குறைய இரு மடங்கு தொலைவிலும் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தன. வண்டியை நிறுத்தி வைத்து, என்னைப் பத்தடி பின்னால் நிற்கச் சொல்லி, இரண்டிலும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னை இன்னும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னாள்.